தலைக்கடன்

நான்கு லட்சத்து முப்பத்தேழாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். சடையாண்டி தலைக்கடன் ஆபீஸில் வாங்கியது அவ்வளவுதான். மூன்று வருஷம் ஒரு மாசம்கூடத் தவறாமல் அடைபட்டுக்கொண்டே வந்த பிறகு, தை மாதம் வந்த நோட்டீஸில் பாக்கி ஐந்து லட்சத்துத் தொண்ணூற்றோராயிரத்து இருநூறு என்று போட்டிருந்தது.

தலைக்கடன் என்றால் திருப்பூரில் தெரியாதவர்கள் கிடையாது. நிலமும் இல்லாமல், கழுத்தில் குண்டுமணித் தங்கமும் இல்லாமல் பஸ் ஏறி வந்தவனிடம் அடகு வைக்க என்ன இருக்கிறது? தலை இருக்கிறது. அதன் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து மூன்றரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். எழுந்து வரும்போது ஆள் ஆளாகவே இருப்பான், இரண்டு நாள் தலைவலி மட்டும் இருக்கும். ஆனால் அவனுடைய கண்ணும் பழக்கமும் தீர்மானமும் நகலாகி உள்ளே சர்வரில் உட்கார்ந்திருக்கும். அந்த நகல் ராப்பகலாக உழைத்துக் கடனை அடைக்கும். ஆள் வெளியே தன் சோற்றுக்குத் தனியாக உழைத்துக்கொள்ள வேண்டியது.

சடையாண்டி உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து பனியன் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாகச் செக்கிங் வேலை பார்ப்பவன். மேஜையில் பனியனை விரித்து, புரட்டி, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் பார்த்துத் தள்ளுகிற வேலை. இதைக் கம்ப்யூட்டரே பார்க்காதா என்று கேட்பவர்கள் உண்டு. பார்க்கும். மயிரிழை ஓட்டையைக்கூடக் காட்டிவிடும். ஆனால் வாங்குகிறவன் எந்த ஓட்டையைப் பொறுத்துக்கொள்வான், எந்த ஓட்டைக்காக மொத்த லாட்டையும் கப்பலில் திருப்பி அனுப்புவான் என்பது அதற்குத் தெரியாது. அது தெரிய இருபத்திரண்டு வருஷம் திட்டு வாங்கியிருக்க வேண்டும். அதனால்தான் செக்கிங் ஆட்களின் தலைக்கு நல்ல விலை.

நோட்டீஸின் இரண்டாம் பக்கத்தை அவன் மூன்று முறை படித்தான். மாசி முடிவதற்குள் பாக்கி குறைகிற பக்கம் திரும்பாவிட்டால், பொறுப்புக் கையெழுத்துப் போட்டவரின் தலையையும் நகல் எடுக்க வேண்டிவரும் என்று இருந்தது. பொறுப்புக் கையெழுத்துப் போட்டவள் அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம்.

அவன் தலையை எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். பஞ்சவர்ணத்தின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். பெற்ற ஒரே பெண்ணைப் பதினாறு வயதில் பறிகொடுத்தவள். பகலில் வேலை, சமையல், பக்கத்து வீட்டுப் பேச்சு என்று எதையாவது மேலே போட்டு மூடிக்கொண்டு நடமாடுகிறாள். நகலுக்கு மூடிக்கொள்ள எதுவும் கிடையாது. உள்ளே இருப்பது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஒன்றைச் செய்துவிட்டு அவள் முகத்தில் விழிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டு, அரைநாள் லீவு சொல்லி ஆபீஸுக்குப் போனான்.

அங்கே சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவன் பூபதி. பெருமாநல்லூர்க்காரன், முப்பத்தைந்து வயது இருக்கும். கடன்காரர்களிடம் முகம் கொடுத்துப் பேசுகிற ஆள் அந்தக் கட்டடத்தில் அவன் ஒருவன்தான் என்று வரிசையில் நின்றவர்கள் சொன்னார்கள். சடையாண்டி பெயரைச் சொன்னதுமே அவன் எழுந்து நின்றான்.

"நீங்கதானுங்களாண்ணா அது? அஞ்சு வாரமா உங்களோடதானுங்க மல்லுக்கட்டிட்டு இருக்கறேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார வைத்துத் திரையைத் திருப்பினான். இரண்டு வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. மேலே துணி பார்வை என்று ஒன்று, அதற்கு நேரே மூன்று சதவீதம். அதன் கீழே பெயரில்லாத இன்னொன்று. அதற்கு நேரே தொண்ணூற்று நான்கு. இரண்டும் சேர்ந்து தொண்ணூற்றேழு.

நகல் வேலையை அருமையாகத்தான் செய்கிறது என்றான் பூபதி. மாசம் பதினாலாயிரம் சம்பாதிக்கிறது. ஆனால் பின்னால் பெயரில்லாமல் ஓடுகிற இந்த வேலை பிராசஸரை மொத்தமாகத் தின்கிறது. பிராசஸருக்கு வாடகை உண்டு, தின்கிற அளவுக்கு வாடகை. அது பதினெட்டாயிரம். வருமானத்தைவிட வாடகை கூட, அதனால்தான் அடைக்க அடைக்கக் கடன் ஏறுகிறது.

"அணைச்சிட்டுத் திரும்பப் போட்டா சரியாகாதா?" சடையாண்டி தன் போனுக்குச் செய்கிற வைத்தியத்தைச் சொன்னான்.

அதைத்தான் முதலில் செய்ததாகப் பூபதி சொன்னான். ஒருதரம் இரண்டுதரம் இல்லை, நானூற்றுப் பன்னிரண்டு தரம். போட்ட நிமிஷமே தொண்ணூற்றேழில் வந்து நின்றது. சரி, பசிக்கிறது போல என்று இன்னொரு பிராசஸரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தான். அதையும் தின்றது. வரிசையில் கடைசி ஆளாகத் தள்ளிப் பார்த்தான். முன்னால் இருக்கிறவர்களை இடித்துக்கொண்டு வந்தது. அந்த வரியை மட்டும் வெட்டிப் பார்த்தான். துணி பார்க்கிற கண்ணும் சேர்ந்து இருண்டுவிட்டது. இரண்டும் ஒரே நூலில் பின்னியது, ஒன்றை இழுத்தால் பனியனே பிரிகிறது என்றான்.

"அப்பறம்தானுங்க ஒரு வாரம் உக்காந்து, அது என்னதான் பண்ணுதுன்னு பாத்தேன். ஒண்ணும் பண்ணலீங்ண்ணா. எதையோ எதிர்பாத்துட்டு இருக்குது. செகண்டுக்கு ஒம்பதாயிரம் வாட்டி ஒரே எடத்தைத் திரும்பித் திரும்பிப் பாக்குது. வந்துருச்சா, வந்துருச்சான்னு. ஒழுங்கா எழுதின புரோகிராமா இருந்தா தூங்கிட்டுக் கெடக்கும், மணி அடிச்சா எந்திரிக்கும். இது தூங்கவே மாட்டேங்குது."

கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டான். "காப்பி எடுத்த அன்னைக்கு எதுக்காச்சும் காத்துட்டு இருந்தீங்களா?"



அன்றைக்கு மகள் செவ்வந்தி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஐந்து நாளாக வயிற்றுவலி. வாயுக்கோளாறு என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆறாம் நாள் வில்லாக வளைந்து துடித்தவளைப் பக்கத்திலிருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட, குடலில் சீழ் கட்டியிருக்கிறது, உடனே ஆபரேஷன், பணத்தைக் கட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஏஜென்ட் கொடுத்த பொறுப்புப் பத்திரத்தில் பஞ்சவர்ணத்தின் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அவளை மகளோடு விட்டுவிட்டு அவன் இங்கே வந்தான். பாரத்தில் ஒரு கேள்வி இருந்தது. உங்கள் மனம் இப்போது அமைதியாக உள்ளதா? பேனாவைப் பிடித்துக்கொண்டு அவன் யோசிப்பதைப் பார்த்து, முன்னால் நின்ற ஆள் திரும்பி, ஆம் போடுய்யா, இல்லைன்னு போட்டா பதினஞ்சு நாள் கழிச்சு வரச் சொல்லிருவான் என்றான். தலைக்கடன் வாங்குகிற எல்லாரும் ஆம்தான் போடுவார்கள். மனசு அமைதியாக இருக்கிறவன் எவன் தலையை அடகு வைக்க வருகிறான்? அவனும் ஆம் போட்டான். உள்ளே போகும்போது போனை ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கூடைக்குள் உட்கார்ந்திருந்த மூன்றரை மணி நேரமும் அவன் காது அந்தத் தட்டில்தான் இருந்தது. வெளியே வந்து போனை எடுத்தபோது பஞ்சவர்ணத்திடமிருந்து பதினோரு அழைப்புகள் தவறியிருந்தன. பன்னிரண்டாவதாக அவன் கூப்பிட்டபோது எடுத்தது வேறு யாரோ. பெண் போய்விட்டது என்று அந்தக் குரல்தான் சொன்னது. அதற்குள் கடன் பணம் கணக்கில் ஏறிவிட்டது. எடுத்த நகலைத் திருப்பி வாங்க வழியில்லை என்றார்கள். பணத்தில் பாதிக்கு மேல் ஆஸ்பத்திரி பில்லுக்கும் மிச்சம் காரியத்துக்கும் போயிற்று.

இதையெல்லாம் அவன் பூபதியிடம் நாலே வாக்கியத்தில் சொன்னான். பூபதி மேஜையிலிருந்த பேனாவை எடுத்தான், மூடியைக் கழற்றினான், மறுபடி மூடினான்.

"அப்ப நீங்க ஒவ்வொரு வாட்டி அணைச்சுப் போட்டப்பவும் அது எங்கேருந்து ஆரம்பிக்கும் தம்பி?"

"அதே எடத்துல இருந்துதானுங்க."

நானூற்றுப் பன்னிரண்டு தரம். சடையாண்டி மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

தீர்வு சுலபம் என்றான் பூபதி. வேலை சொல்வதற்காக நகலுக்கு ஒரு காது உண்டு. வாய் கிடையாது. அந்தக் காதில் போன் மணியை அடித்து, வீட்டுக்காரம்மா குரலில் ஒரு பதில் சொல்லிவிட்டால் காத்திருப்பது நின்றுவிடும். குரலை மெஷினே செய்துவிடும், ஆனால் பொண்டாட்டி குரலில் போலி எது என்று புருஷனுக்குத் தெரியாமல் போகாது. நேரில் அவர் வந்து பேசினால்தான் உத்தமம்.

"நல்ல சேதியாவே சொல்லிப்போடச் சொல்லுங்ண்ணா. உண்மையத்தான் சொல்லோணும்னு ஒண்ணும் இல்லீங்க. அதுக்கு வேண்டியது ஒரு பதில், அவ்வளவுதான்."

நொய்யல் பாலத்தின் மேல் நடந்து வரும்போது சடையாண்டிக்கு ஒரு நினைப்பு வந்தது. உலகத்தில் எல்லாருக்கும் செவ்வந்தி செத்துப்போய் மூன்று வருஷம். அந்தச் சர்வரில் இருக்கிற ஒருத்தனுக்கு மட்டும் அவள் இன்னும் உயிரோடு ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவன் மேல் இவனுக்குப் பொறாமையாக இருந்தது. பொறாமைப்படுவதற்கு அவன் யார், நாம்தானே என்று நினைத்தபோது பாலத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருந்தது.

பஞ்சவர்ணம் வீட்டு வாசலில் உட்கார்ந்து பனியன் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாள். ஒரு உருப்படிக்கு ஒன்றரை ரூபாய். அவன் நோட்டீஸைக் காட்டவில்லை. கடன் ஏன் ஏறுகிறது என்று மட்டும் சொன்னான். அவள் கத்தரியை நிறுத்தாமல் கேட்டாள். போன் என்ற இடத்தில் கத்தரி நின்றது.

அந்தப் பதினோரு அழைப்புகளைப் பற்றி அவர்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. பேசாமலே மூன்று வருஷம் ஒரே பாயில் படுத்து எழுந்திருந்தார்கள். நீ ஏன் எடுக்கவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்காததே அவனுக்கு ஒரு தண்டனையாக இருந்தது.

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல, நல்லாருக்கான்னு சொல்லிரு. அவனாவது நிம்மதியா இருக்கட்டும்" என்றான் சடையாண்டி.

"அவனுன்னு யாரச் சொல்றீக?"

அவன் பிசிறு வெட்டிய பனியன்களை எடுத்து அடுக்கத் தொடங்கினான்.

"நல்லாருக்கான்னு சொன்னா நீங்க சும்மா இருப்பீகளா? கெளம்பி வந்து பாக்கணும்பீக. நாப்பது கிலோமீட்டர் சைக்கிள்ள மிதிச்சு வந்து, புள்ள பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வாட்ச்மேனோட சண்டை போட்ட ஆளு." சிரிக்கப் போகிறவள் போல இருந்தது. சிரிக்கவில்லை. "நாளைக்கு எத்தன மணிக்கு வரச் சொன்னாக?"

மறுநாள் மத்தியானம் பூபதியின் அறையில் ஏசி எலும்பைத் துளைத்தது. பஞ்சவர்ணம் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இவர் நகல் எது என்று கேட்டாள். பூபதி திரையைக் காட்டினான். வேறு ஏதாவது இருக்கும் என்று எதிர்பார்த்தாளோ என்னவோ, அந்தத் தொண்ணூற்றேழையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அது பேசாதா என்று கேட்டாள். பேசாது, எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றான் பூபதி.

மணி அடித்தது. சடையாண்டியின் பழைய போனில் இருந்த அதே மணி. இவன் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. திரையில் எண் நூறுக்குத் தாவியது.

"எடுத்துட்டாருங்க. பேசுங்க்கா" என்று பூபதி மெதுவாகச் சொன்னான்.

பஞ்சவர்ணம் மைக்கைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"ஏங்க, நாந்தேன். செவ்வந்திக்கு வலி விட்டுருச்சுங்க. இப்பத்தேன் சொல்லுறா. பளிச்சுன்னு விட்டுருச்சாம். எந்திரிச்சு உக்காந்து தண்ணி கேட்டா. அப்பாவ அந்தக் கூடைக்குள்ள தலையக் குடுக்க வேணாம்னு சொல்லும்மா, ஆபரேசனும் வேணாம் ஒண்ணும் வேணாம், வரச் சொல்லுங்குறா. கையெழுத்துப் போட்டுறாதீக. வீட்டுக்குப் போயிரலாம். வாங்க."

நல்ல சேதிதான் சொல்கிறாள், நேற்று நாம் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள் என்றுதான் சடையாண்டி முதலில் நினைத்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். இட்டுக்கட்டிச் சொல்கிறவளுக்கு இப்படி வராது. இது மூன்று வருஷமாக அவள் வாய்க்குள்ளேயே இருந்த பேச்சு. சொல்ல ஆள் எடுக்காமல் போன பேச்சு.

எண் விழுந்தது. எண்பது, அறுபது, நாற்பத்தைந்து. முப்பத்தொன்றில் வந்து நின்றது. பூபதி முகம் மலர்ந்து, போதும் என்று கையைக் காட்டினான். முப்பத்தொன்று என்றால் வாடகை ஆறாயிரத்துக்குள் அடங்கிவிடும். சடையாண்டிக்கும் அவள் அதோடு நிறுத்திவிட்டால் தேவலை என்று இருந்தது. நிறுத்திவிடு தாயே என்று மனசு கெஞ்சியது. இவனுக்குக் கிடைக்காத ஒரு நிமிஷம் அங்கே அவனுக்குக் கிடைத்துவிட்டது.

பஞ்சவர்ணம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது முப்பத்துமூன்றாயிற்று. நாற்பதாயிற்று. அப்புறம் நிற்கவில்லை.

"கெளம்பிட்டாரு" என்றாள்.

எழுபது. எண்பத்தெட்டு. தொண்ணூற்றேழு. பூபதி அவசரமாக எதையோ தட்டிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தான். இப்போது அது முன்பு பார்த்த இடத்தைப் பார்க்கவில்லை, வேறு ஏதோ ஒரு இடத்தை முட்டுகிறது என்றான்.

"கதவத் தேடுறாரு. அது தொறக்காதுல்ல?"

"தொறக்காதுங்க்கா. கதவுன்னு ஒண்ணே கெடையாதுங்க."

அவள் மைக்குக்கு நேராகத் திரும்பினாள். பிறகு, இன்னொரு தடவை மணி அடியுங்கள் தம்பி என்றாள். பூபதி சடையாண்டியைப் பார்த்தான். சடையாண்டி தரையைப் பார்த்தான். மணி அடித்தது.

"நாந்தேங்க. வலி விட்டது நல்லதுக்கில்லையாம். உள்ள கட்டி வெடிச்சதுனாலதான் வலி விட்டுச்சாம். வெசம் ரத்தத்துல கலந்துருச்சுன்னு டாக்டரு சொன்னாரு. கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு. என்னென்னமோ பண்ணுனாக." நிறுத்தினாள். மூச்சு இழுக்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. "போயிட்டாங்க நம்ம புள்ள. ஓடி வராதீக. ரோட்டப் பாத்து மெதுவா வாங்க. இனி அவசரமில்ல."

எண் நூறில் நின்றது. வெகுநேரம் நின்றது. அன்றைக்கு இந்தச் சேதியை வாங்கிக்கொண்டு சடையாண்டி ஆபீஸ் வாசலில், வெயிலில், போனைக் காதிலேயே வைத்தபடி எவ்வளவு நேரம் நின்றான் என்பது அவனுக்கே தெரியாது. யாரோ வந்து தோளைத் தொட்டார்கள். உள்ளே அவனைத் தொட யாரும் இல்லை. அறுபது என்று காட்டியது. இருபத்திரண்டு. ஒன்பது. நான்கு. நான்கில் நின்ற எண் அப்புறம் அசையவே இல்லை.

துணி பார்ப்பதற்கு மூன்று. மிச்சம் ஒன்று எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பூபதி எழுந்து திரும்பி நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

வெளியே டீக்கடையில் இரண்டு டீ சொன்னான் சடையாண்டி. டம்ளர் ஆறியபிறகு அவன்தான் கேட்டான்.

"மொத போனெல்லாம் வலி விட்டுருச்சுன்னு சொல்லத்தானா?"

"ஆறு போனு. அதுக்கப்பறந்தான் மத்தது."

"ஏன் இத்தன நாளா சொல்லல?"

அவள் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். "சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீக? எடுத்திருந்தா ஓடியாந்து அவ மொகத்தப் பாத்திருக்கலாமேன்னு காலம் பூரா அடிச்சுக்குவீக. எனக்கு உங்களையும் பறிகுடுக்கணுமா?"

அவன் அழுதான். டீக்கடைக்காரன் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைத்தான்.

மாசி நோட்டீஸில் பாக்கி பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் குறைந்திருந்தது. பஞ்சவர்ணத்தின் தலைக்கு வந்த ஆபத்து விலகியது. இப்படியே போனால் நாலு வருஷத்தில் முடிந்துவிடும் என்று சடையாண்டி விரல்விட்டுப் பார்த்தான். துணி பார்க்கும்போது சில நேரம், இதே துணியை அங்கே அவனும் பார்த்துக்கொண்டிருப்பான் என்று தோன்றும். அன்றைக்கெல்லாம் வேலை ஓடாது.

சித்திரையில் ஒரு கடிதம் வந்தது. தங்கள் கணக்கில் மீதமுள்ள ஐந்து லட்சத்து அறுபத்தாறாயிரத்து எழுநூறு ரூபாயும் முழுமையாகத் தள்ளுபடி செய்யப்படுகிறது, இருவரும் நேரில் வந்து கையெழுத்திடவும் என்று இருந்தது. ஏன் என்று ஒரு வரி இல்லை. பஞ்சவர்ணம் அதை வாங்கி, எழுத்துக் கூட்டி, முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, இவங்க சும்மா குடுக்குற ஆளுக இல்லையே என்றாள்.

அன்று ஆபீஸில் நல்ல கூட்டம். கூட்டத்தில் வழக்கமாக இருக்கும் முனகல் இல்லை, கலகலப்பாக இருந்தது. பக்கத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருந்த ஓவர்லாக் தைக்கிற பெண் ஒருத்தி, பத்து வயதுப் பெண்ணை மடியில் சாய்த்துக்கொண்டு, தானாகவே பேச்சுக் கொடுத்தாள். போன மாசத்திலிருந்து பாக்கி மளமளவென்று இறங்குகிறது, அவள் லைனில் இருக்கிற எல்லாருக்கும் அப்படித்தான், என்ன புண்ணியமோ என்றாள். புதுச்சட்டை போட்டிருந்த அந்தச் சின்னப்பெண் பஞ்சவர்ணத்தின் வளையலை எண்ணத் தொடங்கியது.

பூபதி அவர்களைப் பார்த்துவிட்டுச் சடையாண்டியை ஓரமாகக் கூப்பிட்டான். கழுத்தில் அடையாள அட்டை இல்லை. பஞ்சவர்ணமும் எழுந்து வந்தாள்.

வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னான். நல்லதென்று நினைத்துத்தான் அன்றைக்கு நடந்ததை ரிப்போர்ட்டில் எழுதினானாம். மேலே இருப்பவர்கள் அந்த நான்கைப் பார்த்துவிட்டார்கள்.

"எல்லா நகலும் பின்னாடி எதையாச்சும் பாத்துட்டுத்தானுங்க இருக்குது. இஸ்கூல் விட்டுப் புள்ள வந்துருச்சா, மலேசியாவுல இருந்து பையன் கூப்புட்டானான்னு. பாஞ்சு, இருவது சதவீதம் அதுக்கே போயிருது. இதென்னமோ மனுசத் தலைன்னா அப்படித்தான்னு இத்தன வருசம் விட்டுவச்சிருந்தாங்க. உங்களுது ஒண்ணுதானுங்ண்ணா எதையுமே பாக்கறதில்ல." பெஞ்சில் இருந்தவர்களை ஒருமுறை பார்த்தான். "அக்கா பேசுன ரெண்டாவது போனை எல்லாத்துக்கும் போட்டுட்டாங்க. நாலாயிரத்து முன்னூறு நகலுக்கு. அதுக்குக் கூலிதானுங்க உங்க தள்ளுபடி."

"என் கொரல்லயா?" என்றாள் பஞ்சவர்ணம்.

"இல்லீங்க்கா. அவங்கவங்க வீட்டு ஆளுங்க கொரல்ல, அவங்கவங்க புள்ள பேரப் போட்டு. மெஷின் கொரல நம்பாதுன்னு நான்தான் நெனச்சிட்டிருந்தேன். நம்பிருச்சுங்க. மெதுவா வாங்க, இனி அவசரமில்லன்னு சொன்னா யாரும் சந்தேகப்படறதில்லீங்க."

டோக்கன் எண்ணைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. அது இவர்களுடையது இல்லை.

"அந்தப் புள்ளைக எல்லாம் உசுரோடதான இருக்கு?"

"இருக்குதுங்க்கா. இங்க இருக்கற பாதிப் பேரு கூட்டிட்டே வந்திருக்காங்க."

கையெழுத்துப் போடாவிட்டால் அதை நிறுத்துவார்களா என்று சடையாண்டி கேட்டான். நிறுத்த மாட்டார்கள். இவர்கள் கடன் மட்டும் அப்படியே நிற்கும், பொறுப்புப் பத்திரமும் நிற்கும். போட்டால் கணக்கு முடிந்துவிடும், கணக்கு முடிந்த நகலை அன்றைக்கே அணைப்பது விதி. இதைச் சொல்லிவிட்டுப் பூபதி, மன்னிச்சுப்போடுங்க என்று இருவரையும் பார்த்துப் பொதுவாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

பஞ்சவர்ணம் திரும்பிப் போய் அதே பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தச் சின்னப்பெண்ணிடம், உன் பேர் என்ன கண்ணு என்று கேட்டாள். நிலவரசி என்றது. எத்தனாவது படிக்கிறாய், சாயங்காலம் எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் விடும், யார் வந்து கூட்டிப்போவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அம்மாதான், ஆறு மணிக்கு, லேட்டாத்தான் வரும் என்றது. தாய்க்காரி, இவ வாசல்லயே நின்னுட்டிருப்பாளேன்னு எனக்குக் கையி ஓடாதுங்க்கா, ஊசி வெரல்ல ஏறுனதுகூட உண்டு என்று சிரித்தாள். பஞ்சவர்ணம் நிலவரசியின் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள். தாய்க்காரிக்குக் கொஞ்சம் வியப்பாக இருந்திருக்கும்.

சடையாண்டியின் எண்ணைக் கூப்பிட்டார்கள். பஞ்சவர்ணம் அங்கிருந்தே அவனைப் பார்த்தாள். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. கவுண்டரில் மூன்று இடத்தில் புள்ளி வைத்துக் காட்டினார்கள். முதல் இரண்டு இடத்தில் கை சரியாகத்தான் ஓடியது. மூன்றாவது இடத்தில், நகலை அணைக்கச் சம்மதம் என்ற வரிக்குக் கீழே, அவன் பேனாவை வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். மூன்று வருஷம் தூங்காமல் இருந்துவிட்டு, இரண்டு மாசமாக எதையும் எதிர்பார்க்காமல் துணி பார்த்துக்கொண்டிருப்பவன். போதும்ப்பா, படு என்று அவனிடம் சொல்ல இந்தக் கட்டடத்தில் ஒரு மைக் உண்டு, இப்போது அதன் முன்னால் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள். சீக்கிரம் போடுங்க பெரியவரே, பின்னாடி ஆள் நிக்கிறாங்க என்றாள் கவுண்டரில் இருந்த பெண். போட்டான்.

அவள் முத்திரை குத்திப் பொறுப்புப் பத்திரத்தை இரண்டாகக் கிழித்து ரசீதோடு சேர்த்து நீட்டினாள். பாக்கி என்ற கட்டத்தில் ஒரு பூஜ்ஜியம் இருந்தது.